விம்பிள்டன் சாம்பியனும் ரெண்டு வட்டிக் கடனும்



1985 ஜூலை. விம்பிள்டன் ஃபைனல்ல 17 வயசுப் பையன் ஒருத்தன் கெவின் கர்ரனைத் தோற்கடிச்சுக் கோப்பையைத் தூக்கினான். பேரு போரிஸ் பெக்கர், ஜெர்மனியில் லைமன்ங்கிற சின்ன ஊர்க்காரர். சீடிங்கே இல்லாம அங்க ஜெயிச்ச முதல் ஆண் அவர்தான். அந்த வயசுல அங்க ஜெயிச்ச ஆண் இன்னைக்கு வரைக்கும் வேற யாரும் இல்லை.

இடி மாதிரி சர்வ், புல்தரையில் பாய்ந்து விழுந்து அடிக்கிற ஷாட். மொத்தம் 6 கிராண்ட்ஸ்லாம், 49 ஒற்றையர் பட்டங்கள், 1991ல் உலக நம்பர் 1, 1992 ஒலிம்பிக்ஸ்ல இரட்டையர் தங்கம். பிறகு ஜோகோவிச்சுக்கு மூணு வருஷம் கோச். பரிசுப் பணம் மட்டுமே சுமார் 2.5 கோடி டாலர். விளம்பர வருமானம் தனி.

இவரைத்தான் 2017 ஜூன்ல லண்டன் கோர்ட் திவாலானவர்னு அறிவிச்சுது.

"ஆடம்பரமா செலவு பண்ணிட்டார்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அதுவும் உண்மைதான். விவாகரத்து, பிள்ளைகள் பராமரிப்புன்னு பெரிய செலவுகளும் இருந்துச்சு. ஆனா நான் பார்க்கச் சொல்றது அவர் கடன் வாங்கின விதத்தை. 2013ல் ஒரு தனியார் வங்கியில் 46 லட்சம் யூரோ. அடுத்த வருஷமே ஒரு தொழிலதிபர்கிட்ட 12 லட்சம் பவுண்டு, வட்டி 25%!

நம்ம ஊர்க் கணக்குல நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய்னா வருஷத்துக்கு 24%. அதாவது உலக சாம்பியன் வாங்கினது கிட்டத்தட்ட நம்ம தெருவுல புழங்குற ரெண்டு வட்டி. அந்தக் கடனுக்கு வருஷ வட்டி மட்டும் 3 லட்சம் பவுண்டு.

இத்தனைக்கும் ஸ்பெயினின் மயோர்கா தீவுல அவருக்குப் பெரிய எஸ்டேட் இருந்துச்சு. அதை வெச்சு இன்னொரு கடன் ஏற்பாடாகுது, கொஞ்சம் டைம் கொடுங்கன்னு அவர் தரப்பு கேட்டுச்சு. கோர்ட் ஒத்துக்கல. சொத்து இருக்கு, கையில பணம் இல்ல. நம்மள்ல எத்தனை பேர் இப்படி இருக்கோம்? ஊர்ல ரெண்டு பிளாட் சும்மா கிடக்கும், அதை விக்க மனசு வராது, ஆனா 10 லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கி மாசாமாசம் 20,000 கட்டிக்கிட்டிருப்போம். அஞ்சு வருஷத்துல 12 லட்சம் வட்டியாவே போயிருக்கும், அசல் அப்படியே நிக்கும். வீட்ல நகை இருந்தா பேங்க்ல அடகு வெச்சு இந்தக் கடனை முதல்ல அடைங்க, பாதி வட்டிதான் ஆகும். நகை இல்லையா? ஒரு பிளாட்டை வித்துடுங்க. விலை ஏறட்டும்னு காத்திருக்கிறது இந்த வட்டிக்குக் கட்டுப்படியாகாது.

திவாலான பிறகு பெக்கர் செஞ்சது இன்னும் மோசம். சொத்து, கடன் எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்லணும்ங்கிறது சட்டம். லைமன்ல இருந்த வீடு, அதன் மேல வாங்கின கடன், ஒரு கம்பெனியோட 75,000 பங்குகள் எல்லாத்தையும் மறைச்சார். பணத்தை வேற அக்கவுன்ட்டுகளுக்கு மாத்தினார். 2022 ஏப்ரல்ல ரெண்டரை வருஷ சிறைத் தண்டனை. எட்டு மாசம் உள்ள இருந்துட்டு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்.

அதுக்கு முன்னாடியே, 2019ல், கடன்காரங்களுக்குக் கொடுக்கறதுக்காக அவரோட பரிசுகள், நினைவுப் பொருட்கள் 82 ஏலத்துக்கு வந்துச்சு. கிடைச்சது சுமார் 6.87 லட்சம் பவுண்டு. அந்த 12 லட்சம் பவுண்டு கடனுக்கு ரெண்டேகால் வருஷ வட்டிக்குத்தான் அது சரியா இருக்கும்.