எட்டும் ஆழத்தில் ஒரு மலை

கடலுக்கு அடியிலும் மலைகள் உண்டு. ஆழ்தரையிலிருந்து ஓங்கி எழுந்தும் நீர்மட்டத்தைத் தொடாமல் நின்றுவிடும் அவை கடலடி மலைகள் எனப்படுகின்றன. நீரோட்டம் மலைச்சரிவில் மோதி மேலெழும்போது, ஆழத்திலுள்ள ஊட்டச்சத்துகளையும் உடன் கொணர்கிறது. அவற்றால் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றை நாடிச் சிறுமீன்களும், சிறுமீன்களை நாடிப் பெருமீன்களும் வந்து கூடுகின்றன.

மெக்சிகோ நாட்டின் கலிபோர்னியா வளைகுடாவில், லா பாஸ் நகருக்கு அப்பால், எல் பாஹோ என்னும் கடலடி மலை உள்ளது. அதன் உச்சி ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில் இருப்பதால், காற்றுக்கலன் சுமந்து மூழ்குவோர் அங்குச் சென்று காண முடிகிறது. 1943ஆம் ஆண்டு பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய மூச்சுக்கருவியே இத்தகைய மூழ்குதலுக்கு வழிவகுத்தது. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் அது காற்றை அளிக்கிறது.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாக வெளிப்பட்டு உடலுக்கு ஊறு விளைவிக்கும். எனவே மூழ்குவோர் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, மெதுவாகவே மேலேறுகின்றனர். எல்லையை மதிப்பதே இக்கலையின் முதல் பாடம்.

எல் பாஹோவில் பகல் வேளைகளில் கொம்பன் சுறாக்கள் பெருங்கூட்டமாகத் திரண்டிருந்தன. 1980களில் அவற்றை ஆராய்ந்த அமெரிக்கக் கடல் உயிரியலாளர் பீட்டர் கிளிம்லி, காற்றுக்குமிழிகளால் அவை மிரளாதிருக்க, மூச்சை அடக்கியே அவற்றினிடையே மூழ்கினார். ஒலிக்கருவிகளைப் பொருத்திப் பின்தொடர்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. இரவில் இரைதேடித் திறந்த கடலுக்குச் செல்லும் சுறாக்கள், விடியலில் அதே மலைக்குத் திரும்பி வந்தன.

மாறாமல் வந்து கூடும் அவ்வழக்கமே அவற்றைப் பிடிப்பதையும் எளிதாக்கியது. கரையோர ஆழமற்ற நீரில் வளரும் குட்டிகளும் வலைகளில் சிக்கின. முதிர்ச்சியடையப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இவ்வினத்தால் அவ்விழப்பை ஈடுசெய்ய இயலவில்லை. 1990களின் இறுதியில் எல் பாஹோவில் மிகச் சிலவே தென்பட்டன. 2019ஆம் ஆண்டு இவ்வினம் மிக அருகிய உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மனிதனின் கண்ணுக்கு எட்டிய மலை, அவன் வலைக்கும் எட்டியது. மூழ்குபவர் தம் உயிரைக் காக்க எல்லையை மதிக்கிறார். கடலின் உயிர்களைக் காக்கவும் அத்தகைய எல்லை தேவை.