200 மணி நேரத்தோடு வெளிநாட்டில் வேலை தேடப் போகிறீர்களா?

டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கொடுத்த சிபிஎல், அதாவது வணிக விமானி லைசென்ஸ், கையில் இருக்கிறது. லாக்புக்கில் 200 சொச்சம் மணி நேரம். உள்ளூர் ஏர்லைன் எதுவும் கூப்பிடவில்லை. உடனே பலர் எமிரேட்ஸ், கத்தார் என்று வரிசையாக விண்ணப்பம் போட ஆரம்பிக்கிறார்கள். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வெளியிலிருந்து அங்கே போகிறவர்கள் பெரிய விமானங்களில் நிறையப் பறந்தவர்கள்.

அமெரிக்காவும் தோதுப்படாது. 2009இல் பஃபலோ அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. (அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1,500ஐ எப்போதோ தாண்டியவர்கள் என்பது வேறு கதை.) ஐரோப்பாவில் 13 பாடம் எழுதித் தேறினாலும், அங்கே வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்ற கேள்வியில் வந்து நிற்கும்.

மிச்சம் இருப்பது சின்ன விமானங்கள். நான் சொல்வது போட்ஸ்வானாவில் உள்ள மவுன். ஒகவாங்கோ டெல்டாவின் சுற்றுலா விடுதிகள் பலவற்றுக்கு ஒழுங்கான சாலை கிடையாது. செஸ்னா 206, 210, கேரவன் போன்ற விமானங்கள்தான் ஆட்களையும் சாமான்களையும் மண் ஓடுதளங்களில் கொண்டுபோய் இறக்குகின்றன. குறைந்த மணி நேரக்காரர்களுக்குப் பெயர்போன இடம் அது.

எந்த நாட்டுக்குப் போனாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் இடறி விழுவது பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'பிரபு எம்'. லைசென்ஸில் 'எம். பிரபு'. பாஸ்போர்ட்டில் வெறும் 'பிரபு', குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அமெரிக்காவில் பயிற்சி எடுத்திருந்தால் இன்னும் மோசம்: விசாவில் பிரபு குடும்பப் பெயராகிவிடுவார், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சாகியிருக்கும். நமக்கு இவர் ஒரே ஆள். வெளிநாட்டு விமானத் துறை அதிகாரிக்கு நாலு பேர். அவர் உங்கள் லைசென்ஸ் உண்மையா என்று டிஜிசிஏவிடம் நேரடியாகக் கேட்பார். நீங்கள் கையில் கொண்டுபோகும் கடிதம் பெரும்பாலும் எடுபடாது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஃபைல் தூங்கும். வேலை தருவதாகச் சொன்ன கம்பெனி அடுத்த ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் கெடுபிடி செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே முதல் வேலை பாஸ்போர்ட். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுப் புதிதாக வாங்குங்கள். அது வந்த பிறகு லைசென்ஸ், கிளாஸ் 1 மெடிக்கல், ரேடியோ லைசென்ஸ் மூன்றையும் அதே எழுத்துகளுக்குக் கொண்டுவாருங்கள். தேவைப்பட்டால் அரசிதழில் பெயர் மாற்றம். 'இருவரும் ஒருவரே' என்று நோட்டரியிடம் வாங்கும் பிரமாணப் பத்திரத்தை நம்பி விமானம் ஏறாதீர்கள். இது முடியாமல் ஒரு விண்ணப்பம்கூடப் போடக் கூடாது என்பது என் கட்சி.

அடுத்து லாக்புக். ஒவ்வொரு பக்கக் கூட்டலையும் எக்ஸெலில் மறுபடி போட்டுப் பாருங்கள், எங்கோ 0.3 உதைக்கும். சிமுலேட்டர் நேரத்தை மொத்தத்தில் சேர்க்காதீர்கள். பயிற்றுநர் பக்கத்தில் உட்கார்ந்த நேரத்தைத் தனியாகப் பறந்ததாகக் காட்டவே காட்டாதீர்கள். நேர்முகத்தில் மூன்றாவது கேள்வியில் வெளுத்துவிடும். ஆங்கிலத் தேர்ச்சியில் லெவல் 6 வாங்குங்கள். 4 என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அலைய வேண்டும்.

மவுனில் ஜூன் முதல் அக்டோபர் வரை சீசன். அதற்குச் சில மாதங்கள் முன்பே போய், கம்பெனி கம்பெனியாக நேரில் ஏறி இறங்க வேண்டும். ஈமெயிலுக்குப் பதில் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். பயோடேட்டா ஒரே பக்கம், மணி நேரக் கணக்கு மேலே. சுற்றுலா விசாவில் விசாரிக்கலாம், வேலை செய்யக் கூடாது. பெர்மிட்டும் அந்நாட்டு லைசென்ஸும் வந்த பிறகுதான் பறப்பது. முதலாளிக்கு உங்களைப் பிடித்தால் மட்டும் போதாது, இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் குறைந்தபட்ச மணி நேரமும் இருக்க வேண்டும். "இன்ஷூரன்ஸுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பயிற்சியில் 152, 172 மட்டுமே ஓட்டியவர்கள், பக்கத்துத் தென்னாப்பிரிக்காவில் 206 அல்லது 210இல் சில மணி நேரம் பறந்துவிட்டுப் போவது நல்லது.

500 மணி நேரம் தருகிறோம், இத்தனை லட்சம் கட்டு என்பவர்களுக்குப் பதிலே போட வேண்டாம். வேலை கைக்கு வராமல் சொந்தக் காசில் ஏ320 டைப் ரேட்டிங் எடுப்பதும் அதே ரகம்தான். ஏர்லைன் கூப்பிடும்வரை அதை உயிரோடு வைத்திருக்கத் திரும்பத் திரும்ப சிமுலேட்டருக்கு அழ வேண்டும். அந்தத் தொகையில் மவுனுக்குப் போய்த் தங்கித் தேடிவிட்டு, மிச்சத்தில் 206இல் இன்னும் கொஞ்சம் பறக்கலாம்.