நாயின் கட்டியும் நோய் நிர்ணயமும்

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை முதலிய இடங்களிலும் நாயில்லாத தெருவைக் காண்டல் அரிது. வீட்டு நாயும் வீதி நாயும் வேலியோரத்திற் கலந்து பழகுவதால் ஒன்றன் நோய் மற்றொன்றைச் சேர்கின்றது. அவ்வாறு சேர்வனவற்றுள் ஒரு புற்றுநோயும் உண்டென்றால் நம்பத் தயங்குவோம். ஆயினும் அஃது உண்மை.

புணர்ச்சியாற் பரவும் இக்கட்டிக்குக் கிருமி காரணமன்று. கட்டியின் கலங்களே ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ந்து வேரூன்றுகின்றன. கட்டியின் துண்டை வேறொரு நாயில் வைத்து வளரச்செய்து, 1876ஆம் ஆண்டில் இதனைக் காட்டியவர் நொவின்ஸ்கி என்னும் ருஷிய மிருக வைத்தியர். நாயின் கலத்தில் 78 நிறமூர்த்தங்கள் உள. இக்கட்டியின் கலத்திலோ ஏறத்தாழ 60 மட்டுமே. நாய் சுமப்பது தன் உடலிற் பிறந்த கட்டியை அன்று. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஏதோவொரு நாயின் உடலிற் பிறந்ததை!

பிறப்புறுப்பிலிருந்து சொட்டும் குருதியே முதற் குறி. பெண் நாயாயிற் பருவமென்றும், ஆண் நாயாயிற் சிறுநீர் நோயென்றும் வீட்டார் வாளாவிருப்பர். பூக்கோவாப் போலக் கட்டி வெளித்தோன்றியபின், புற்றுநோய் என்ற சொல்லுக்கஞ்சி நாயைச் சந்தையடியில் விட்டு வருவாரும் உளர். மோந்து பார்க்கும் வழக்கத்தால் மூக்கினுள்ளும் இது தோன்றும். நாசியிற் குருதி வடிந்தாலும் இதனை நினைத்தல் வேண்டும்.

நிர்ணயமோ எளிது. வைத்தியர் கண்ணாடித் தகட்டைக் கட்டியில் ஒற்றிச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் நோக்குவார். உருண்டைக் கலங்களும், அவற்றின் குழியவுருவில் தெளிந்த சிறு குமிழிகளும் காணப்படின் ஐயம் பெரிதும் தீரும். வின்கிறிஸ்ரின் மருந்தை வாரமொருமுறை நாளத்திற் செலுத்தினால், நான்கு முதல் ஆறு வாரங்களிற் பெரும்பாலான நாய்கள் குணமடைகின்றன. அம்மருந்து நம் முற்றத்துப் பட்டிப்பூவிலிருந்து, அதாவது நித்தியகல்யாணியிலிருந்து, கிடைப்பதாகும். வெண்குருதிக் கலங்களை அது குறைக்குமாதலால் ஒவ்வொரு முறையும் குருதிப் பரிசோதனை தேவை.

முலைக்கட்டியின் நிலை வேறு. அவற்றுள் ஏறத்தாழப் பாதி கொடியவை. எது கொடியது என்பதை விரலும் அறியாது, ஊசியால் எடுத்த கலமும் பலவேளை தெளிவாய்க் கூறாது. நெஞ்சை எக்ஸ்கதிரிற் பார்த்து, கட்டியை அறுத்தெடுத்து, அதன் இழையத்தைச் சோதித்தலே முறை. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை அருகிலிருப்பது கண்டியார்க்கு வாய்த்த நற்பேறு. வேறிடத்தில் அறுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவோர், அதனிலும் பத்து மடங்கு போர்மலின் கரைசலில், வாயகன்ற போத்தலில் இட்டு அனுப்புக. குறுகிய வாயினுள் நெருக்கிப் புகுத்திய கட்டி, இறுகியபின் வெளியே வராது.