ஒழுங்கைக்கு ஒரு பற்றரி: காசு யார் போடுவது?

கேள்வி: இரத்மலானையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையில் பத்து வீடுகளின் கூரையில் சோலர் பூட்டியிருக்கிறார்கள். நல்ல வெயில் எரிக்கும் மத்தியான நேரத்தில்தான் இன்வேர்ட்டர் அடிக்கடி நின்றுவிடுகிறது. புதிதாகச் சோலர் போட விண்ணப்பித்த பக்கத்து வீட்டாருக்கு, ட்ரான்ஸ்போமரில் இனி இடமில்லை என்று பதில் வந்திருக்கிறது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் மகள், அங்கே தெருவுக்கு ஒரு பெரிய பற்றரி வைத்து எல்லோரும் பகிர்ந்து பாவிக்கிறார்கள் என்கிறாள். நாங்கள் பத்து வீட்டாரும் காசு சேர்த்து அப்படியொன்று வாங்கலாமா? கரண்ட் போனால் அது கைகொடுக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, இரத்மலானை

பதில்: உங்கள் ஒழுங்கைக்கு ஒரு பொதுப் பற்றரி நிச்சயம் பயன்படும், அம்மா. ஆனால் அதற்குக் காசு போட வேண்டியவர் கம்பியின் சொந்தக்காரர், அதாவது உங்களுக்கு மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனம். ஏன் என்று பார்ப்போம்.

இன்வேர்ட்டர் ஏன் நிற்கிறது?

இலங்கையில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அது 6 வீதம் கூடலாம், 6 வீதம் குறையலாம். அதன்படி மேல் எல்லை ஏறத்தாழ 244 வோல்ட். ஒழுங்கைக் கம்பி ஒருகாலத்தில் ஒரே திசைக்காகப் போடப்பட்டது: ட்ரான்ஸ்போமரிலிருந்து வீடுகளுக்கு. இரவு எட்டு மணிக்குக் கடைசி வீட்டிலும் மின்விசிறி ஒழுங்காகச் சுற்ற வேண்டும் என்பதற்காக, ட்ரான்ஸ்போமரிலேயே வோல்டேஜைச் சற்று உயர்த்தி வைப்பார்கள். இப்போது மத்தியானத்தில் பத்துக் கூரைகளும் எதிர்த்திசையில் தள்ளுகின்றன. பெரும்பாலானோர் வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போயிருக்கும் நேரம் அது, வீடுகளில் செலவு குறைவு. வோல்டேஜ் ஏறுகிறது. கம்பியின் முனையில் உள்ள வீட்டில்தான் அது அதிகம் ஏறும். எல்லையைத் தாண்டியதும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும். அதில் பழுது எதுவும் இல்லை, செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது. நட்டம் உங்களுக்கு.

இதற்கு முதல் மருந்து பற்றரி அல்ல. மூன்று விஷயங்களைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, பத்து வீட்டுச் சோலரும் ஒரே பேஸில் குவிந்திருக்கிறதா? ஒழுங்கையில் மூன்று பேஸ் கம்பி ஓடினாலும், ஒற்றைப் பேஸ் இணைப்புகள் பல சமயம் ஒன்றிலேயே சேர்ந்துவிடும். அவற்றைப் பிரித்துப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். இரண்டு, ட்ரான்ஸ்போமரின் வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் ‘டப்’ ஒரு படி இறக்கக்கூடியதா? மூன்று, கடைசிக் கம்பங்களுக்கு இடையிலான கம்பி மெல்லியதா? இவை எல்லாம் பற்றரியைவிட மலிவான வேலைகள்.

நாட்டுக்கு ஏன் பற்றரி வேண்டும்?

உங்கள் ஒழுங்கையில் நடப்பதுதான் நாடு முழுவதும் நடக்கிறது. 2016 இல் ‘சூரியபல சங்கிராமய’ திட்டம் தொடங்கியபின் கூரைச் சோலர் வேகமாகப் பெருகி, 2025 இல் 1,500 மெகாவாட்டைத் தாண்டியது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு ஏற்பட்ட கோளாறில் நாடு முழுவதும் இருண்டது. குரங்கைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் காரணத்தின் மறுபாதி வெயில். விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு. சோலர் உச்சத்தில் இருந்ததால் சுழன்றுகொண்டிருந்த பெரிய இயந்திரங்களும் குறைவு. அந்த இயந்திரங்களின் கனம்தான் ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் பலம். அது போதாமல் போனதால் ஓரிடத்துக் கோளாறு நாட்டையே வீழ்த்தியது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோய், அடுத்துவந்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டும் வந்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பகல் 3 மணி வரை கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை மக்களிடம் கேட்டுக்கொண்டது. பகலில் மலிவான மின்சாரத்தைக் கொட்டிவிட்டு, இரவு 7 மணிக்கு எண்ணெய் எரிக்கும் நிலை இது. பற்றரி இந்த இரண்டு நேரங்களையும் இணைக்கும். கோளாறு வந்தால் நொடியின் சிறு பகுதிக்குள் பலம் கொடுக்கவும் அதனால் முடியும்.

இதற்காக 16 பெரிய உபமின்நிலையங்களில், ஒவ்வொன்றும் 10 மெகாவாட் வலுவும் 40 மெகாவாட்மணி கொள்ளளவும் கொண்ட பற்றரிகளை வைக்க 2025 இல் விலைமனு கோரப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் உபமின்நிலையத்தில் வைக்கும் பற்றரி நாட்டின் இரவுத் தேவைக்கு உதவுமே தவிர, உங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு வோல்டேஜை இறக்காது. அதற்கு ஒழுங்கை ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு பற்றரி வேண்டும். உங்கள் மகள் சொல்வது இந்த வகையைத்தான்.

பத்து வீடு சேர்ந்து வாங்கினால் கணக்கு என்ன?

கொழும்புப் பக்கம் 5 கிலோவாட் சோலர் ஒரு நாளில் சுமார் 20 அலகு (கிலோவாட்மணி) தரும். பத்து வீட்டுக்கு 200 அலகு. பகலில் வீட்டுக்கு 6 அலகு செலவானால் மிச்சம் 140. இதில் 100 அலகைச் சேமிக்கும் பற்றரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். போட்டதெல்லாம் திரும்பி வராது, ஏறக்குறைய 88 அலகுதான் கிடைக்கும்.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில், கூரைச் சோலரோடு சேர்ந்த பற்றரியிலிருந்து கொடுக்கும் அலகுக்கு 45.80 ரூபாய் என 2025 இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நடுப்பகுதியிலிருந்து, 5 கிலோவாட் வரையான புதிய தொகுதிகளுக்குப் பகல் அலகுக்கு 20.90 ரூபாய்தான் என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கட்டணங்களின்படி, புதிதாகப் பூட்டுபவருக்குப் பகலில் விற்றால் 100 அலகுக்கு 2,090 ரூபாய், இரவுவரை வைத்து விற்றால் 88 அலகுக்கு ஏறத்தாழ 4,030 ரூபாய். நாளொன்றுக்கு 1,940 ரூபாய் கூடுதல். வருடத்தில் 300 நல்ல வெயில் நாள் என்றால் ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் முன்பு அலகுக்கு 37 ரூபாய் ஒப்பந்தம் இருந்த காலத்தில் பூட்டியவர்களுக்கு அதே 100 அலகு பகலிலேயே 3,700 ரூபாய் தருகிறது. இரவுவரை காத்திருந்து கிடைப்பது 330 ரூபாய்தான். அவர்களுக்குப் பற்றரி வாங்கக் காரணமே இல்லை. உங்கள் பத்து வீட்டாரிடமும் ஒப்பந்தம் ஒரே மாதிரியாக இருக்காது. முதற்கூட்டத்திலேயே பிணக்கு எழுவது இங்கேதான்.

இரண்டாவது தடை மீற்றர். இந்த உச்ச நேரக் கட்டணம் ஒவ்வொரு வீட்டின் சொந்தக் கணக்குக்குத்தான். பொதுப் பற்றரி யாருடைய மீற்றருக்குப் பின்னால் இருக்கும்? வீட்டுக்கு வீடு நீங்களே கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்தால், அது அனுமதிப்பத்திரம் தேவைப்படும் விநியோகத் தொழில் ஆகிவிடும். ஒருவரின் பற்றரியிலிருந்து இன்னொருவரின் பில்லில் அலகைக் கழிக்க, மின்சார நிறுவனமும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் ஒத்துக்கொண்ட ஒரு முறை வேண்டும்.

மகள் சொன்ன ஊரில் எப்படி?

மேற்கு அவுஸ்திரேலியாவில், பேர்த் நகருக்குத் தெற்கே மெடோ ஸ்பிறிங்ஸ் என்ற இடத்தில் 2018 இல் இப்படியொரு பற்றரி இயங்கத் தொடங்கியது. 105 கிலோவாட் வலு, 420 கிலோவாட்மணி கொள்ளளவு. 52 வீடுகளுக்கு ஆளுக்கு 8 அலகு ஒதுக்கினார்கள். நாளுக்கு ஒரு டொலர் வாடகை. பகலில் தள்ளிய 8 அலகை இரவு தன் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பற்றரியை வைத்தவர்கள் மாநில அரசின் கம்பி நிறுவனமும் விற்பனை நிறுவனமும். வீட்டுக்காரர் எதையும் வாங்கவில்லை, இடம்தான் வாடகைக்கு எடுத்தார்கள். மெல்பேர்ணின் வடக்கு பிற்ஸ்றோயில் 2022 இல் ஒரு தொண்டு நிறுவனமே பற்றரியைச் சொந்தமாக வைத்தது உண்மை. ஆனால் அங்கே மின்சார மொத்தச் சந்தையின் விலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். மலிவில் வாங்கி விலை ஏறும்போது விற்கலாம். நமக்கு அப்படியொரு சந்தை இல்லை.

நமக்குப் பொருந்தும் உதாரணம் டெல்லி. அங்கே ராணி பாக் பகுதியில் 2021 இல் விநியோக நிறுவனமே 150 கிலோவாட், 528 கிலோவாட்மணிப் பற்றரி ஒன்றை நிறுவியது. ட்ரான்ஸ்போமரின் உச்ச நேரச் சுமையைத் தாங்குவது அதன் வேலை. ட்ரான்ஸ்போமரைப் பெரிதாக்கும் செலவு மிச்சமாகிறதென்றால், அந்த மிச்சம் கம்பிக்காரருடையது. அதனால்தான் காசும் அவர்தான் போட வேண்டும் என்கிறேன்.

கரண்ட் போனால்?

2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டில், கூரையில் சோலர் இருந்தும் இருட்டில் இருந்தவர்கள் பலர். கம்பியில் கரண்ட் இல்லாதபோது இன்வேர்ட்டர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறித் திருத்துபவரின் உயிருக்கு ஆபத்து. தெருப் பற்றரிக்கும் இதே விதிதான். ஒழுங்கையை வலையமைப்பிலிருந்து துண்டித்துத் தனித்தீவாக இயக்கும் ஆளியும் கட்டுப்பாட்டுக் கருவியும் இருந்தால் மட்டுமே விளக்கு எரியும்.

அப்படி இயங்கக்கூடியது உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுபெத்தயிலுள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு லெக்கோ மின்விநியோக நிறுவனம் சோலரும் பற்றரியும் மின்பிறப்பாக்கியும் சேர்ந்த நுண்வலையமைப்பை நிறுவியது. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் எழுவைதீவிலும் காற்று, வெயில், டீசல், பற்றரி நான்கும் சேர்ந்து இயங்குகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தில் 2,400 கிலோவாட்மணிப் பற்றரி இருக்கிறது. நாட்டின் பிரதான வலையமைப்பு எட்டாத தீவுகள் என்பதால் அங்கே அதன் தேவையை யாரும் கேள்வி கேட்பதில்லை. இரத்மலானையில் கேட்பார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

கரண்ட் போகும்போது விளக்கும் மின்விசிறியும் வேண்டுமென்றால், உங்கள் மீற்றருக்குப் பின்னால் உங்கள் சொந்தச் சிறு பற்றரி போதும். லிதியம் இரும்பு பொஸ்பேற் வகையைக் கேளுங்கள். மற்ற லிதியம் வகைகளைவிட அது சூட்டைத் தாங்கும், தினமும் பாவித்தாலும் நீண்ட காலம் உழைக்கும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும், ஆகவே மூடிய பெட்டி வேண்டும். மாடிப்படிக்குக் கீழேயோ படுக்கையறையிலோ வைக்க வேண்டாம். வெரஸ் கங்கைப் பக்கம் தாழ்ந்த நிலத்தில் இருப்பவர்கள் வெள்ளம் ஏறாத உயரத்தில் பூட்ட வேண்டும்.

உண்மையில் பொதுவாக ஒரு பற்றரி வாங்கலாம் என்றால், அது வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்குத்தான் பொருந்தும். லிப்ட், தண்ணீர்ப் பம்பு, படிக்கட்டு விளக்கு எல்லாம் ஒரே பொது மீற்றரில் இருப்பதால், மாடிச் சங்கம் கூரைச் சோலரும் பற்றரியும் வைத்துச் செலவைப் பங்கிடலாம். உங்கள் ஒழுங்கைக்கு அந்தப் பொது மீற்றர் இல்லை.

செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. சலவை இயந்திரம், நீர்ப்பம்பு, சுடுநீர் எல்லாவற்றையும் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையே வைத்துக்கொள்ளுங்கள். பத்து வீடும் சேர்ந்து செய்தால் வோல்டேஜ் இறங்குவதை மானியே காட்டும்.

பிறகு பத்து வீட்டாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு, உங்கள் பில்லில் பெயருள்ள நிறுவனத்தின் பிரதேச மின்பொறியியலாளருக்குக் கொடுங்கள். இன்வேர்ட்டர் தானே பதிந்து வைத்திருக்கும் வோல்டேஜ் விபரத்தை இரண்டு வாரத்துக்கு எடுத்து இணையுங்கள். பேஸ்களைச் சமப்படுத்தவும், டப்பைப் பரிசோதிக்கவும், ட்ரான்ஸ்போமரின் சோலர் கொள்ளளவை எழுத்தில் தரவும் கேளுங்கள். கடைசி வரியில், இந்த ட்ரான்ஸ்போமரடியில் முன்னோடிப் பற்றரி ஒன்றை வைக்கும்படியும், அதில் வாடகைக்கு இடம் எடுக்கப் பத்து வீடுகள் தயார் என்றும் எழுதுங்கள். பிரதியைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். சேர்த்த காசை அதுவரை வங்கியில் போட்டு வையுங்கள்.