அரிப்புக்குக் காரணம் வாசனையாகவும் இருக்கலாம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்பவருக்குக் கழுத்தோ அக்குளோ சிவந்து அரித்தால், கெமிக்கல் தூசியைத்தான் முதலில் சந்தேகப்படுகிறோம். பாடி ஸ்ப்ரே, வாசனை சோப்பு, துணி அலசும் திரவம் ஆகியவற்றையும் சந்தேகியுங்கள். ஒவ்வாமைத் தடிப்பு ஓரிரு நாள் கழித்தே தெரிவதால், காரணம் எளிதில் பிடிபடாது.

லினலூல், லிமோனின் போன்ற வாசனைப் பொருட்கள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையைத் தூண்டும் தன்மை கூடும். அதனால், திறந்து நாளான சென்ட் வேண்டாம். ‘ஹெர்பல்’ என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள். செடி எண்ணெய்களிலும் இவை உண்டு. ‘அன்சென்டட்’ பொருளில் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்றிருப்பதே நல்லது.

புது க்ரீமை முழங்கையின் உள்மடிப்பருகே தினம் இருவேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சோப்பை இப்படித் தடவி அப்படியே விட்டுவிடக் கூடாது.

அரிப்பு தொடர்ந்தால் தோல் மருத்துவரிடம் ‘பேட்ச் டெஸ்ட்’ பற்றிக் கேளுங்கள். அதற்காக முதுகில் ஒட்டும் பட்டையை 48 மணி நேரம் நனையாமல் வைத்திருக்க வேண்டும். அதனால், லீவைப் பார்த்து நாள் குறியுங்கள். விடுமுறையில் அரிப்பு குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்புகிறதா? அதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; கையுறை, ஆலையின் கைகழுவும் சோப்பு காரணமாகலாம்.