உடற்குறையுற்றோரும் நம் ஸகாத்தும்

ரமளான் பிறை தென்பட்டதும் நம் பள்ளிவாசல்களின் வாயிலில் கூட்டம் சேரத் தொடங்கிவிடுகிறது. கண் தெரியாதவர், கால் சூம்பியவர், கை இழந்தவர் எனப் பலர் வரிசையாக அமர்ந்திருப்பர். தொழுதுவிட்டு வெளிவருவோர் கையில் கிடைத்த சில்லறையை இட்டுச் செல்வர். அடுத்த ஆண்டும் அதே மனிதர், அதே படியில், அதே துண்டை விரித்து அமர்ந்திருப்பார். கொடுத்தவருக்கு நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் பத்து ஆண்டுகள் நாம் கொடுத்த பின்னும் அவர் அந்தப் படியை விட்டு எழவில்லையே, அது ஏன்? இத்திங்கள் நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்.

அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய கிரந்தங்களில் ஹளரத் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு ஹதீஸ் பதிவாகியுள்ளது. பயான்களில் பலமுறை நாம் கேட்டதுதான். அன்சாரிகளில் ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து யாசித்தார். உன் வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று பெருமானார் வினவினார்கள். பாதியை உடுத்திப் பாதியை விரித்துக்கொள்ளும் ஒரு முரட்டுத் துணியும், தண்ணீர் குடிக்கும் ஒரு பாத்திரமும் உண்டு என்றார். அவ்விரண்டையும் கொண்டுவரச் செய்து, சபையிலேயே ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றுக்குக் கோடரி ஒன்றும் வாங்கிவரப் பணித்தார்கள். கோடரி வந்ததும் தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுவா, பதினைந்து நாள் உன்னை நான் இங்கே காணக் கூடாது என்று அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார்.

'கோடரிக்காம்பு' என்பது நம் பேச்சில் வசைச்சொல். இந்த ஹதீஸை அறிந்தவர் நாவில் அச்சொல் வசையாக வருவது எப்படியோ நமக்குத் தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, பெருமானார் (ஸல்) அவர்கள் கோடரியைக் கொடுத்ததோடு நிற்கவில்லை என்பதை. முதலில் அம்மனிதரிடம் இருப்பது என்ன என்று விசாரித்தார்கள். தொழிலுக்கு முன்னால் வீட்டாரின் பசிக்கு வழி செய்தார்கள், ஏனெனில் பட்டினி கிடக்கும் வீட்டில் கோடரி ஒரு வாரத்தில் அடகுக்குப் போய்விடும். கருவியை அவர் கைக்குப் பொருந்தும்படி தாமே அமைத்துக் கொடுத்தார்கள். தவணை வைத்தார்கள், தவணை முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். அந்த அன்சாரி உடற்குறை உள்ளவரல்லர் என்பது உண்மையே. ஆனால் இன்று 'தொழில்சார் மறுவாழ்வு' என்று உலகம் எதைச் சொல்கிறதோ அதன் படிகள் இதில் அப்படியே அமைந்திருக்கின்றன. உடற்குறை உள்ளவருக்குக் காம்பு போட்டுக் கொடுக்க இன்னும் சற்று அதிகக் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் ஸுன்னாவில் சான்று உண்டு. ஹளரத் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண் பார்வை இல்லாதவர். 'அபஸ' என்னும் அத்தியாயம் அவர்கள் பொருட்டு இறங்கியதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணியைப் பாருங்கள். வைகறைப் பாங்கு! விடியலைக் கண்ணால் கண்டு சொல்ல வேண்டிய வேலை, பார்வையற்றவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஸுப்ஹு நேரமாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்ல, அதன் பின்னரே அவர்கள் பாங்கு சொல்வார்கள் என்று புகாரீ ஷரீஃபில் காண்கிறோம். அவரால் இயலாத அந்த ஒரு பகுதிக்குப் பக்கத்தில் இருந்தவர் துணை நின்றார், பதவியோ அவருடையதாகவே இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சமயம் மதீனாவின் பொறுப்பை அவர்களிடம் இருமுறை விட்டுச் சென்றதாகவும் அபூதாவூதில் வருகிறது. உமையா கலீபா முதலாம் வலீத் (கி.பி. 705-715) பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும், நடக்க இயலாதோருக்குப் பணியாளையும் அமர்த்தியதாகத் தபரீ எழுதுகிறார். மக்காவின் மாபெரும் மார்க்கச் சட்ட அறிஞர் அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் கால் ஊனமும், கை முடமும், ஒற்றைக் கண்ணும் உடையவர். பிற்காலத்தில் அந்தக் கண்ணும் மறைந்தது. ஹஜ்ஜுக் காலத்தில் ஃபத்வாக் கேட்க ஜனங்கள் அவர்களையே தேடி வந்தனர்.

இவையெல்லாம் பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். நம் தமிழ்நாட்டிலேயே கண்ணெதிரே நடந்தவை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். அத்துடன் வாழ்க்கை முடிந்தது என்று அவர் படுத்துவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே, தொழுநோயால் விரல் மடங்கிப் போனவர்களின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமானார். 1963இல் காட்பாடியில் ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் தொழுநோய் குணமானவர்களுக்காக ஒரு தொழிற்கூடம் தொடங்கியது. பின்னர் அது வொர்த் டிரஸ்ட் என்ற பெயரில் பிற உடற்குறை உள்ளவர்களுக்கும் இயந்திரத் தொழில் கற்பித்தது. பார்வையற்றோர் எழுதும் பிரெய்ல் இயந்திரங்கள் அங்கு தயாராயின. ஓர் ஊனமுற்றவரின் கை மற்றோர் ஊனமுற்றவருக்குக் கருவி செய்து கொடுக்கிறது!

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அதை நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல், கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் தம் சொந்த ஊரிலேயே சங்கத்தைத் தொடங்கினார். பட்டணத்தில் தொடங்கியிருந்தால் நன்கொடை எளிதாகக் கிடைத்திருக்கும். ஆனால் கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத்திலேயே வழி வேண்டும். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இவர்களெல்லாம் மாற்று மதத்தவராயிற்றே என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல காரியம் எங்கிருந்தாலும் அதை எடுத்துக்கொள்வது முஃமினுக்குக் குறைவாகாது.

ஆனால் இவை அனைத்தும் சமவெளியில் நடந்தவை. மலையில் வாழ்பவர் என்ன செய்வார்? நீலகிரி மாவட்டத்தில் கூடலூர் வட்டத்திலுள்ள ஸ்ரீமதுரையை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் முதுமலைக் காடு. மறுபக்கம் தேயிலை, காப்பி, மிளகு, இஞ்சி. மேடுகளுக்கு நடுவே நெல் வயல். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் வெயில் முகம் தெரியாது. யானை நடமாட்டத்தால் விடியலிலும் இருட்டிலும் நல்ல காலுள்ளவனே வெளியே போகத் தயங்குவான். இங்கே வேலை என்றால் சரிவில் ஏறி இறங்குவதுதான். கொழுந்து பறிப்பதும், ஏணி வைத்து மிளகு பறிப்பதும், மரமேறிக் கிளை கழிப்பதும் காலை நம்பிய தொழில்கள். ஏணி சறுக்கி முதுகெலும்பு ஒடிந்தவனுக்கு, நேற்றுவரை தெரிந்த தொழில் அத்தனையும் ஒரே நொடியில் கைவிட்டுப் போகிறது. இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டதாக 2014இல் சான்று வழங்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ்! எனினும் அதற்கு முன் அந்நோய்க்கு ஆளான பிள்ளைகள் இன்று நடுத்தர வயதில், குடும்பச் சுமையோடு இருக்கிறார்கள்.

இத்தகையவருக்கு அரசு வழியில் பயிற்சி இல்லாமலில்லை. சென்னை கிண்டியில் மத்திய அரசின் தொழிலாளர் அமைச்சகம் நடத்தும் மையம் ஒன்று உண்டு. முன்னர் ஊனமுற்றோர் தொழில்சார் மறுவாழ்வு மையம் என வழங்கிய அதற்கு இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் என்று பெயர். வருபவரின் உடல்நிலை, படிப்பு, விருப்பம் ஆகியவற்றைச் சோதித்து, இன்ன தொழில் பொருந்தும் என்று சொல்லிப் பயிற்சிக்கு வழி காட்டுவார்கள். ஆனால் ஸ்ரீமதுரையிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். கூடலூரிலிருந்து மாவட்ட அலுவலகம் இருக்கும் உதகைக்கே மலைப்பாதையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கைத்தாங்கலாக ஒருவர் உடன் வர வேண்டும். அவருக்கு அன்றைய கூலி போய்விடும். பயிற்சி இலவசமாக இருந்தும் இந்தப் பயணச் செலவே பலரை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறது.

மற்றொரு தொல்லையும் உண்டு. பட்டணத்துத் தொழிற்சாலைக்கான வேலையைக் கற்று ஊர் திரும்பினால் அந்த வேலை இங்கே இராது. ஆகவே தொழிலை ஊரைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்ரீமதுரை போன்ற ஊரில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் எவை? தேயிலை நாற்றும் மிளகுக் கொடியும் வளர்க்கப் பாலித்தீன் பையில் மண் நிரப்புவது, பதியன் ஊன்றுவது, இலை வாங்கும் கொட்டகையில் எடைக் கணக்கு எழுதுவது, மருந்தடிக்கும் பம்பு பழுது பார்ப்பது, கைப்பேசி பழுது பார்ப்பது, தையல் ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. குடை பழுது பார்ப்பவனுக்கு மழைக்காலத்தில் ஓய்வே கிடைக்காது. தையலில்தான் 'காம்பு' விஷயம் வருகிறது. கால் சூம்பியவருக்கு மிதிக்கும் தையல் மெஷினை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று போகிறவர்கள் உண்டு. மோட்டார் பொருத்தி, கையாலோ முழங்கையாலோ அழுத்தும்படி அமைத்தால்தான் அது அவருக்குக் கருவி. தமிழ்நாடு அரசே மோட்டார் பொருத்திய தையல் இயந்திரங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கிவருகிறது.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். கூடலூர்ப் பகுதியில் மலையாளம் பேசும் ஷாஃபியீ மத்ஹபினரும் தமிழ் பேசும் ஹனஃபீ மத்ஹபினரும் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள் என்பதால் இரண்டையும் சொல்வது நல்லது. ஏழைக்கு ஓராண்டுக்குப் போதுமானதைக் கொடுக்கலாம் என்பது இமாம் ராஃபியீ (ரஹ்) அவர்களின் கருத்து. இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ தம் மின்ஹாஜில், ஆயுளுக்குப் போதுமானதைக் கொடுப்பதே மிகச் சரியான சொல் என்று எழுதுகிறார்கள். தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலுக்கான கருவியின் விலையை, அது சிறிதோ பெரிதோ, ஸகாத்திலிருந்தே கொடுக்கலாம் என்றும் ஷாஃபியீ நூல்கள் விளக்குகின்றன. ஹனஃபீ மத்ஹபில், கடனும் குடும்பச் சுமையும் இல்லாத ஒருவருக்கு நிஸாப் அளவு ஒரே சமயம் கொடுப்பது மக்ரூஹ். கடன்பட்டவருக்கும் பிள்ளைகுட்டிக்காரருக்கும் அந்தத் தடை இல்லை. கைத்தொழில் கருவிகள் அடிப்படைத் தேவையைச் சேர்ந்தவை ஆதலால், வீட்டில் தையல் மெஷின் இருப்பதைக் காட்டி ஒருவரை வசதியுள்ளவர் என்று தள்ளிவிடக் கூடாது.

ஒரு நிபந்தனையை மட்டும் மறக்கலாகாது. ஸகாத் பொருள் உரியவருக்கே உடைமையாகச் சேர வேண்டும். ஜமாஅத் பெயரில் மெஷின் வாங்கி வைத்து, மாலையில் திரும்பத் தந்துவிடு என்பது ஸகாத் ஆகாது. பயிற்சிக்கூடம் கட்டவும், கற்பிப்பவருக்குச் சம்பளம் தரவும் வேறு ஸதகா நிதியைத் தேடுக. அண்டையில் உள்ள முஸ்லிமல்லாத ஏழைகளுக்கும், குறிப்பாகப் பணியர் போன்ற பழங்குடியினருக்கும், இந்த ஸதகாவிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாளணு இரத்தசோகையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 குறைபாடுகளில் ஒன்று. அச்சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசுப் பணியில் 4 சதவீத இடம் உண்டு. அதைக் கேட்கச் சான்றிதழும் அடையாள அட்டையும் வேண்டும். அரசு வழியாக வரும் தொழிற்கடனில் வட்டி சேர்வதால் நம்மவர் பலர் தயங்கி ஒதுங்குகிறார்கள். அந்தத் தயக்கம் ஈமானிலிருந்து வருவது. அதற்கு விலை கொடுப்பவன் ஊனமுற்ற ஏழை ஒருவன் மட்டும்தானா? மஹல்லாவில் வசதியுள்ள பத்துப் பேர் சேர்ந்து கர்ளன் ஹஸனாவாகக் கொடுத்தால் அவன் இரண்டையும் இழக்காமல் இருப்பான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உடற்குறையுள்ள ஆண்பிள்ளையாவது பள்ளிவாசல் வாயில்வரை வருகிறான். பெண்பிள்ளையை நாம் பார்ப்பதே இல்லை. மூத்தவளின் குறை வெளியே தெரிந்தால் இளையவளுக்கு மாப்பிள்ளை வராது என்று அறைக்குள் வைத்து வளர்க்கும் வீடுகள் இன்றும் உண்டு. கணக்கெடுக்க வரும் ஜமாஅத்தாரிடமும் அவள் பெயரைச் சொல்வதில்லை. சான்றிதழ் கிடையாது, பயிற்சி கிடையாது, தாய் தகப்பன் போன பின் அண்ணன் வீட்டுச் சமையலறை மூலைதான் கதி. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் தோல் பதனிட்டுத் தைத்துச் சம்பாதித்து, அதைத் தர்மம் செய்தவர்கள். முஃமின்களின் தாய் செய்த கைத்தொழில் நம் மகளுக்கு இழிவாகுமா? அவள் பெயரைத் தாய்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஜமாஅத்தார் செய்ய வேண்டியது பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ரமளானுக்கு இரண்டு மாதம் முன்பே மஹல்லாவில் உடற்குறையுள்ளோரின் வீடுகளுக்குச் செல்லட்டும். எந்தத் தொழில் வேண்டும் என்று அவரையே கேட்கட்டும். அவர் முன்னிலையிலேயே அவருக்காக மற்றவர் முடிவு செய்வது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். உதகை அலுவலகத்துக்கும் பயிற்சிக்கும் போய்வரும் செலவையும், பயிற்சி முடியும்வரை வீட்டாரின் அரிசிப் பணத்தையும் அவர் கையில் கொடுக்கட்டும். சிதறிப்போகும் சில்லறையை ஒன்றாகத் திரட்டி ஆண்டுக்கு ஒருவருக்கோ இருவருக்கோ முழுமையாகச் செய்யட்டும். மற்றவர்கள் காத்திருக்க நேருமே என்றால், நேரும்தான். அவர்களுக்கு அன்றாடத் தேவைக்குக் கொடுத்து வர வேண்டியதுதான்.

தவணையும் வைக்க வேண்டும். பதினைந்து நாள் என்பது விறகுக்குச் சரி. நாற்றுப்பைத் தொழிலுக்கு ஒரு பருவமாவது தேவை. ஸ்ரீமதுரையில் ஆனி, ஆடி மழையில் கணக்குக் கேட்கப் போனால் எவரிடமும் காசு இராது. மழை ஓய்ந்த பிறகு, கார்த்திகையில் போய்ப் பார்ப்பதே நியாயம். குடை பழுது பார்ப்பவரிடம் மட்டும் ஆடியிலேயே போகலாம்.