காற்று இயங்கா வானில் ஒரு காற்று

முன்னுரை

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றை நாஞ்சில் நாட்டார் அனைவரும் அறிவர். முப்பந்தலில் நிரை நிரையாக நிற்கும் காற்றாலைகள் அதன் வலிமைக்குச் சான்று. இக்காற்று நிலத்தையும் கடலையும் தழுவி இயங்குவது. உயரச் செல்லச் செல்ல மெலிந்து மறைவது. அதற்கும் அப்பால், கோள்களுக்கு இடைப்பட்ட பெருவெளியில் இருப்பது யாது? வெறுமையா, வேறு பொருளா? இவ்வினாவிற்கு விடை காணப்பட்ட வரலாற்றையும், அதில் நம் தென்கோடி நிலம் பெற்ற பங்கினையும் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழம்பாடலும் நம் கடமையும்

புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் வானத்தைக் காற்று ஊடே இயங்காத இடமாகக் குறிப்பிடுகிறார். நிலத்துக் காற்றிற்கு ஓர் எல்லை உண்டு என்னும் அளவில் இக்கருத்து பொருத்தமானதே. எண்ணி வியத்தற்கும் உரியது. ஆயினும், இதனைக் கொண்டு விண்வெளி அறிவியல் முழுவதையும் சங்கப் புலவர் அறிந்திருந்தனர் என மேடைகளில் முழங்குதல் முறையன்று. அவ்வானிலும் ஒருவகைக் காற்று வீசுகின்றது என்பது இன்று கருவிகளால் அளந்தறியப்பட்ட உண்மை. புலவரின் கூர்ந்த நோக்கைப் போற்றுவோம். அவர் காணாததை அவர் மேல் ஏற்றிக் கூறாதிருப்போம்.

சூரியக் காற்றின் இயல்பு

சூரியனின் புறவளிமண்டலம் பத்து லட்சம் பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் உடையது. அவ்வெப்பத்தில் அணுக்கள் சிதைந்து, புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் தனித்தனியே திரியும் பிளாஸ்மா நிலை உண்டாகிறது. சூரியனின் ஈர்ப்பு விசையாலும் முற்றிலும் பிடித்து நிறுத்த இயலாத அளவிற்கு இப்பிளாஸ்மா விரிந்து, எல்லாத் திசைகளிலும் பாய்கிறது. இதுவே சூரியக் காற்று. இதன் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வரை அமைகிறது. நொடிக்கு 400 கிலோமீட்டர் எனக் கொண்டால், 15 கோடி கிலோமீட்டர் கடந்து நம்மை வந்தடைய நான்கு நாள்களுக்குச் சற்று மேலாகும்.

வேகம் பெரிது, செறிவோ மிகச் சிறிது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் இரண்டு லட்சம் கோடி கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் உள்ளன. பூமிக்கு அருகே வரும் சூரியக் காற்றில் அதே அளவு இடத்தில் இருப்பவை பெரும்பாலும் பத்துக்கும் குறைவான துகள்களே. முப்பந்தலின் ஓர் இறக்கையைக்கூட இதனால் அசைக்க முடியாது. எனினும் வால்மீனின் மின்னேற்ற வாலைச் சூரியனுக்கு எதிர்த்திசையில் தள்ளுவதும், பூமியின் காந்தப் புலத்தைக் கலக்குவதும் இதுவே.

திருவிதாங்கூரில் கிடைத்த தடயம்

நம் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837இல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. பின்னாளில் அதன் தலைமையை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், 1855இல் அகத்தியமலையின் மீதும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட அம்மலையில், மழையையும் குளிரையும் பொருட்படுத்தாது காந்த ஊசியின் நுண்ணிய அசைவுகள் குறிக்கப்பட்டன.

பூமியின் காந்த மாற்றங்கள் ஏறத்தாழ 26 நாள்களுக்கு ஒருமுறை மீள்வதையும், அது சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலத்தோடு இயைவதையும் பிரவுன் எடுத்துக்காட்டினார். காரணம் அன்று விளங்கவில்லை. சூரியனின் ஒரு பகுதியிலிருந்து விரைந்து பாயும் காற்று, சூரியன் சுழலச் சுழல மீண்டும் மீண்டும் பூமியைத் தீண்டுகிறது என்பது நூறாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று.

சந்திரசேகரின் நடுவுநிலைமை

1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இளம் அறிஞர் யூஜின் பார்க்கர், சூரியக் காற்று இருந்தே தீரவேண்டும் எனக் கணக்கிட்டுக் கட்டுரை எழுதினார். மதிப்பீட்டாளர் இருவரும் அதனை ஏற்கத்தக்கதன்று என ஒதுக்கினர். அவ்விதழின் ஆசிரியராக விளங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும் கணக்கில் பிழை எதனையும் காண இயலாமையால், மறுப்பைப் புறந்தள்ளி அதனை வெளியிட்டார். 1962இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மாரினர்-2 விண்கலம் சூரியக் காற்று இடையறாது வீசுவதை உறுதி செய்தது. தமக்கு உவப்பில்லாத கருத்திற்கும் உரிய இடமளித்த அந்நடுவுநிலைமை கற்றோர் அனைவருக்கும் பாடமாகும்.

செங்கோட்டையிலிருந்து விண்வெளிக்கு

2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பெற்ற ஆதித்யா-எல்1 விண்கலம், 2024 ஜனவரி 6இல் பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. சூரியக் காற்றின் துகள்களை ஆராயும் கருவிகளும் அதில் உள்ளன. அவற்றுள் ஒன்று திருவனந்தபுரத்தில் உருவானது. இத்திட்டத்தின் இயக்குநராக அதனை நடத்தியவர், செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பயின்ற நிகார் ஷாஜி அவர்கள். நம்மைப் போன்ற இல்லங்களின் பெண்மக்கள் எதுவரை படிக்கலாம் எனத் தயங்கும் பெற்றோர்க்கு இதனினும் சிறந்த விடை வேறில்லை.

இவ்வாய்வு வெறும் அறிவு விளையாட்டன்று. 1989 மார்ச்சில் எழுந்த சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் ஆழ்கடலுக்குச் செல்வோர் இன்று வழியறியச் செயற்கைக்கோளையே நம்புகின்றனர். கடும் சூரியப் புயல் அக்குறிப்புகளையும் வானொலித் தொடர்பையும் பிறழச் செய்யவல்லது. முன்னறிவிப்பு கிடைப்பின் காத்துக்கொள்ளலாம்.

முடிவுரை

வானங்களையும் பூமியையும் மட்டுமன்றி, அவற்றிற்கு இடையே உள்ளவற்றையும் இறைவனின் படைப்பாகத் திருக்குர்ஆன் பலவிடங்களில் குறிப்பிடுகிறது. அவற்றைச் சிந்திக்குமாறும் அழைக்கிறது. ஒவ்வொரு கண்டுபிடிப்பும் வெளியான பின்னர், அது முன்பே நம் மறையில் உள்ளது எனக் கூறி அமைதல் அவ்வழைப்பிற்கு விடையாகாது. மலையேறி ஊசியின் அசைவைக் குறித்துவைத்த உழைப்பும், மாற்றுக் கருத்தை மதித்த நேர்மையுமே விடையாகும். தமிழ் பயிலும் மாணவச் செல்வங்கள் இத்தகைய அறிவியற் செய்திகளைப் பிழையின்றித் தமிழில் எழுதவும், அறிவியல் பயில்வோர் அவற்றை ஆராயவும் முற்படுவார்களாக. அதற்குரிய சொல்வளம் நம் மொழியிடம் உண்டு; வேண்டுவது நம் முயற்சியே.